கோடு போட்டவர் பொறுப்பு

அந்த வீட்டில் ஒரு மூடியைத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சர்க்கரை டப்பா, ஜாம் பாட்டில், குளியலறைக் குழாய், எதை எடுத்தாலும் இதே கதைதான். விருந்தாளி யாராவது கை கழுவப் போனால், குழாயைத் திறக்க முடியாமல் வெளியே வந்து அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். எல்லாம் அந்த வீட்டு அம்மாளின் கைவேலை. பேருந்துப் பணிமனையில் இருபத்துநான்கு வருடமாகச் சக்கரம் மாட்டுகிறவள். எலுமிச்சம்பழ அளவு நட்டுகளை முறுக்கி முறுக்கிக் கை அப்படியே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவைக்கிற கையா என்ன? பிறந்தபோது வைத்த பெயர் பணிமனையில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. மேலாளரிலிருந்து வண்டி கழுவுகிறவர்வரை எல்லாருக்கும் அவள் நட்டக்கா.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. யார் எந்தச் சின்ன உபகாரம் செய்தாலும் மறக்க மாட்டாள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தால் போதும், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

அவள் கணவர் கிண்டல் செய்வார். "உன் ஆசீர்வாதத்துல இந்த ஊர்ல பாதிப் பேரு நூறு வயசு இருப்பாங்க. கட்டின புருஷன் மட்டும் சர்க்கரை இல்லாத டீயைக் குடிச்சுட்டுப் போகணும். டப்பா திறந்தாத்தானே!"

அவரும் அதே பணிமனைதான். டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வாசலைத் தாண்டியது என்று கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிற வேலை. உண்மையில் டிரைவர் ஆகத்தான் அவருக்கு ஆசை. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன என்று கண் பரிசோதனையில் தெரிந்துபோனது. விடுவார்களா பின்னே? உரிமம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி போகட்டும் என்று மற்றவர்கள் ஓட்டுகிற வண்டிகளுக்கு நேரம் எழுத உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

இவர்கள் இருவரும் சேர்ந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பணிமனையில் ஒரு முறை உண்டு. சக்கரத்தின் நட்டை முறுக்கி முடித்ததும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால், நட்டின் மேல் தொடங்கிச் சக்கரத்தின் மேல் முடிகிறமாதிரி ஒரு சின்னக் கோடு போட வேண்டும். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து தெரியும். யார் கோடு போட்டார்களோ அவர்தான் அந்தச் சக்கரத்துக்குப் பொறுப்பு. கோடு போட்டபின் இன்னொருவர் அதில் கை வைக்கக் கூடாது. மேலாளரே வந்தாலும் கூடாது.

நட்டக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. ஒரு நாள் காலை முதல் வண்டி வாசலுக்கு வருகிறது. கூண்டுக்குள்ளிருந்து ஒரு ஒல்லிக்குச்சி ஆள் கத்திக்கொண்டே ஓடிவந்து வண்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். பின்சக்கரத்தில் இரண்டு கோடு உடைந்திருந்தது. அவள் போட்ட கோடுகள். அவள் சரியாக முறுக்காத நட்டுகள். சிவப்பு பச்சை தெரியாத அந்தக் கண்ணுக்கு இருபதடி தள்ளி வரும் வண்டியின் வெள்ளைக் கோடு தெரிந்திருக்கிறது பாருங்கள்! அவள் பயந்துபோய் ஸ்பானரோடு ஓடிவந்தாள். அவர் திட்டவில்லை. அவளை முறுக்கச் சொன்னார், புதுக் கோடு போடச் சொன்னார், வண்டியை அனுப்பினார். பிறகு கூண்டுக்குப் போய்ப் பதிவேட்டில் எழுதினார்: "நான்கு நிமிடம் தாமதம். காரணம்: வாசல் கதவு திறக்கத் தாமதம்." கீழே தன் கையெழுத்து.

ஒன்றரை வருடம் கழித்துக் கல்யாணம். "நன்றிக்காகவா என்னைக் கட்டிக்கிட்ட?" என்று அவர் கேட்டால், "பின்ன, அழகுக்கா?" என்பாள். ஆனால் அன்று பிடித்த பயம் அவள் கையை விடவே இல்லை. இவ்வளவு இறுக்கினால் போதும் என்று 'டிக்' சத்தம் போட்டுச் சொல்கிற ஸ்பானர் பணிமனையில் இருக்கிறது. டிக் சத்தம் வந்தபிறகும் உடம்பை ஒரு தடவை அதன்மேல் சாய்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொள்வார்.

"அக்கா, டிக்குனு கேட்டா நிறுத்தணும். உங்களுக்கு அது ஆரம்பிக்கச் சொல்ற சத்தம் மாதிரியில்ல இருக்கு!"

டைம்கீப்பருக்கு ஐம்பது வயது நெருங்கும்போது ஒரு கிறுக்குப் பிடித்தது. நல்ல கிறுக்குதான். கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். நிஜ சாலை, நிஜ நிறுத்தம், ஏறி இறங்குகிற ஜனங்கள், எல்லாம் உண்டாம். அதற்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் தாங்காது, தானே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து வீட்டிலேயே கட்டப்போகிறேன் என்றார். ஒரு நோட்டில் பட்டியல் போட்டார். எதற்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பஸ் கால அட்டவணை மாதிரி கட்டம் கட்டி எழுதினார்.

"சிக்னல் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று நட்டக்கா கேட்டாள்.

"மேல எரியுதா கீழ எரியுதான்னு பாத்து ஓட்டிக்குவேன். மோதினாலும் இங்க யாரு கேக்கப்போறா?"

இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் பெருகின. கடைசியாக வந்தது, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் சூட்டைத் தணிக்கிற கூலர். கனமான அலுமினியத் தகடுகளும் விசிறியும் கொண்ட அது, பழைய மாடல், பழகிய ஒருவர் பிரிக்காமலே வைத்திருந்து கைமாறி வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வியாழக்கிழமை கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவரின் கையிலிருந்து பேனா விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தது. மூன்றாம் தரம் அவரே விழுந்தார்.

வாதம். வலது கை, வலது கால். வெளியே நின்ற கண்டக்டர் ஒருவர் பார்த்துவிட்டு ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வண்டியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனதால் உயிர் மிஞ்சியது. அந்தக் கண்டக்டருக்கு, வழிவிட்ட வண்டிகளுக்கு, அவசரப் பிரிவில் வரிசையைப் பார்க்காமல் உள்ளே இழுத்துக்கொண்ட நர்ஸுக்கு, இரவு முழுக்கத் தன் போர்வையைக் கொடுத்துவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருந்த பக்கத்துப் படுக்கைக்காரர் மனைவிக்கு, மூன்று மாதம் காலை வேலையை மட்டும் கொடுத்த ஃபோர்மேனுக்கு என்று நட்டக்காவின் ஆசீர்வாதப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. "எல்லாரும் நல்லா இருக்கட்டும், எனக்கு மனுஷனைத் திருப்பிக் குடுத்தாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மனதார, முழுசாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தார். பேச்சு தெளிந்தது. கால், தடியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்கு வந்தது. கை மட்டும் அரைகுறை. விரல் மடங்கும், ஒன்றைப் பிடிக்கும், கொஞ்சம் திருப்பும், அதற்குமேல் வலு இல்லை. உடற்பயிற்சி சொல்லித்தர வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்தாள். சாவியைத் திருப்புங்க, மூடியைத் திறங்க, துணியைப் பிழியுங்க என்று வீட்டு வேலையையே பயிற்சியாகச் சொல்வாள். ஒரு நாள் அவர் உள்ளறையிலிருந்து வருமுன் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவளே திறக்கப் பார்த்துவிட்டு, "அம்மாடி, இதை யாரு மூடினது? எனக்கே வரலையே!" என்று சிரித்தாள். நட்டக்கா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

ஆரம்பத்தில் டைம்கீப்பர் ஒழுங்காகத்தான் பயிற்சி செய்தார். இரண்டாவது மாதம் என்ன ஆனதோ, விட்டுவிட்டார். அதைவிட மோசம், தன் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தார். கைக்கடிகாரத்தைக் கூண்டில் அவர் இடத்துக்கு வந்த புது ஆளுக்குக் கொடுத்தார். சைக்கிள் பால்காரருக்குப் போனது. மழைக்கோட்டு, நல்ல பேனா, டார்ச் லைட், அவர் மட்டுமே போட்டுக்கொள்கிற தோல்செருப்பு, எல்லாம் போயின. வாங்கிக்கொண்டவர்கள் சந்தோஷமாக வாழ்த்திவிட்டுப் போனார்கள். நட்டக்கா மட்டும் யாரையும் ஆசீர்வதிக்கவில்லை. ஊருக்குப் போகிறவர் மூட்டை கட்டுகிறமாதிரி ஒரு மனிதர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மூட்டை கட்டினால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்?

கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகள்தான் பாக்கி. மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லிட்டேன்" என்று அவர் சொன்னபோது நட்டக்காவுக்கு இடி விழுந்தமாதிரி இருந்தது. இதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அழுதால் வேலைக்கு ஆகாது என்று தெரியும். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

"குடுக்கறதைக் குடுங்க. ஓடுற வண்டியா குடுக்கணுமா இல்லையா? உதிரியா அள்ளிக் குடுத்தா அந்தப் பொண்ணு எங்க போய் முட்டிக்கும்? ஞாயித்துக்கிழமை காலைல நான் மாட்டித் தரேன். நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

அவர் அவள் கைகளைப் பார்த்தார். "இந்தக் கையாலயா?"

"ஏன், இந்தக் கைக்கு என்ன குறைச்சல்? ஊரே இந்தக் கையை நம்பித்தான் பஸ் ஏறுது."

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வாசல் கதவைத் திறந்து வெளிச்சம் வரவிட்டு, நட்டக்கா குளித்து முடித்து உட்கார்ந்தாள். எதிரே நாற்காலியில் டைம்கீப்பர், இடது கையில் நோட்டு. முதலில், எல்லாப் பாகமும் வந்து உட்காருகிற மதர்போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அதே பெட்டியின்மேல் படுக்கவைத்தார்கள். கம்ப்யூட்டரின் இரும்புக்கூட்டுக்குள் வைக்குமுன் வெளியிலேயே ஒரு தடவை ஓட்டிப்பார்க்க வேண்டும் என்பது அவர் நோட்டில் சிவப்பில் எழுதிய விதி. சிவப்பென்று அவர் நினைத்து எழுதியது. பச்சை மை.

பிராசசர் ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை.

"மூலைல சின்ன முக்கோணம் இருக்கு பாரு. போர்டுலயும் இருக்கும். ரெண்டும் ஒரே மூலைல வரணும். அப்படியே வை. அழுத்தாத! தானா உக்காரும்."

"அழுத்தாமயா?"

"அழுத்தாம."

அது அவளுக்குப் பெரிய சோதனை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். உட்கார்ந்தது. மேலே கொக்கியைச் சாய்த்து மூடும்போது நறநறவென்று ஒரு சத்தம் வந்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "அது அப்படித்தான் கத்தும்" என்றார். நினைவுச் சில்லுகள் இரண்டு, எட்டு எட்டாக மொத்தம் பதினாறு ஜி.பி. இரண்டாவது பள்ளத்திலும் நான்காவது பள்ளத்திலும் குத்தி நிறுத்தினாள்.

அடுத்துக் கூலர். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவர் சொல்லுமுன்பே உரித்துவிட்டாள். பிராசசரின் தலையில் ஒரு பசை தடவ வேண்டும், அதுதான் சூட்டைக் கீழிருந்து மேலே கடத்தும். டியூபைக் கையில் வாங்கியதும் அவளுக்குப் பணிமனை ஞாபகம் வந்துவிட்டது. பேரிங்குக்குக் கிரீஸ் அடைக்கிறவள் அல்லவா? ஒரே பிதுக்காகப் பிதுக்கப் போனாள்.

"ஏ நட்டு! ஒரு பட்டாணி அளவு! ஒரே ஒரு பட்டாணி!"

வெகுநாள் கழித்து அவர் குரல் அந்த வீட்டில் உயர்ந்தது. அதற்கே அவள் மனசுக்குள் யார் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டாள். பட்டாணி அளவு வைத்தாள். கூலரை நேராக இறக்கினாள். நாலு மூலையிலும் ஸ்பிரிங் போட்ட நாலு திருகாணி, போர்டின் பின்பக்கத் தகட்டில் போய்ப் பிடிக்கும். ஒரு மூலையைக் கொஞ்சம், பிறகு எதிர் மூலையைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும் என்று அவர் வாசிக்க ஆரம்பித்தார்.

"இதை எனக்குச் சொல்லித் தரீங்களா? சக்கரமும் அப்படித்தான்" என்று கையை உயர்த்தி நிறுத்தினாள்.

அங்கேதான் வந்தது வினை. குறுக்கும் நெடுக்குமாக, அழகாக, ஒழுங்காகத்தான் முறுக்கினாள். ஆனால் எங்கே நிறுத்துவது? டிக் என்று சொல்ல இங்கே ஸ்பானர் இல்லை. ஸ்பிரிங்குகள் நசுங்கின. அதற்கப்புறமும் ஆணிகள் நகர்ந்தன. நகர்கிற நட்டை விட்டுவிட்டு எழுந்திருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கடைசியில் ஒரு தடவை தோளைச் சாய்த்து ஒரு கால் சுற்று. மனசு ஆறியது. இடுப்பில் செருகியிருந்த வெள்ளைப் பேனாவை எடுத்து நாலு ஆணிக்கும் கோடு போட்டாள்.

விசிறி ஒயர், மின்சார ஒயர், பழைய திரை, எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஸ்விட்ச் இன்னும் இல்லாததால் போர்டிலிருக்கும் இரண்டு முள்ளை ஸ்குரூடிரைவர் நுனியால் தொட்டுவிட்டு எடுக்க வேண்டும். "அட, நம்ம பழைய வண்டி ஸ்டார்ட்டர்!" என்று சிரித்துக்கொண்டே தொட்டாள். விசிறி சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. நட்டக்கா கையைத் தட்டப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"எட்டு காட்டுது" என்றார். "பதினாறு காட்டணும்."

சில்லுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். எட்டு. இடம் மாற்றினார்கள். எட்டு. ஒவ்வொன்றையும் தனியாக மாட்டிப் பார்த்ததில் சில்லு இரண்டும் நல்லவை என்று தெரிந்தது. இரண்டாவது பள்ளத்தில் எதை வைத்தாலும் உயிர் வருகிறது, நான்காவதில் எதை வைத்தாலும் இல்லை. டைம்கீப்பர் நோட்டை மூடி மடியில் வைத்தார்.

"போர்டுல ஒரு பக்கம் செத்துப்போச்சு" என்றார். வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "என்னைய மாதிரியே" என்றார்.

அவள் ஸ்குரூடிரைவரை எடுத்து மேசை ஓரமாக வைத்தாள். பேசினால் அழுதுவிடுவாள்.

"எடுத்து வை. பொண்ணுகிட்ட பாதிதான் வேலை செய்யும்னு சொல்லிக் குடுத்துடலாம். எனக்குக் கொஞ்சம் படுக்கணும்."

தடியை ஊன்றி எழுந்திருக்கப் போனார். நட்டக்காவுக்கு ஒரேயடியாகக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போர்டின்மேல், கூலரின்மேல், விதியின்மேல், எல்லாவற்றின்மேலும்தான். பணிமனையில் ஒரு வண்டி இப்படி மக்கர் செய்தால் என்ன செய்வாள்? குனிந்து கண்ணால் பார்ப்பாள். மின்சாரத்தை நிறுத்தினாள். நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டு, கன்னத்தை மேசைமேல் வைத்து, போர்டை அதன் விளிம்புமட்டத்தில் பார்த்தாள். சக்கரம் கோணலா என்று பார்க்கிற பார்வை. ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துப் போர்டின் ஓரமாக வைத்தாள். ஸ்கேலுக்கும் போர்டுக்கும் நடுவே வாசல் வெளிச்சம் மெல்லிய கீற்றாகத் தெரிந்தது.

"என்னங்க, உக்காருங்க" என்றாள். "போர்டு வளைஞ்சிருக்கு."

"என்ன?"

"நான் முறுக்கின முறுக்குல வளைஞ்சிருக்கு. எங்க ஃபோர்மேன் ஒரு பிரேக் டிரம்மைக் காட்டிக் காட்டித் திட்டுவாரு. அளவுக்கு மீறி முறுக்கினா டிரம் கோணிப் போகும், டிரைவர் காலை வச்சா உதறும்னு. நான் ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டேன். போர்டு சாகலைங்க. நான்தான் மூச்சு விடாம அமுக்கிப் பிடிச்சிருக்கேன்."

சொல்லிக்கொண்டே வரும்போது அவள் வாய் நின்றுபோனது. இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது.

"ஏங்க, ரெண்டாவது மாசம் ஒரு நாள் நான் வேலைல இருந்து வரும்போது சமையல்கட்டுல தண்ணி பாட்டிலை வச்சுட்டு நின்னீங்களே? என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னீங்க. அன்னைக்குத்தானே பயிற்சியை விட்டீங்க?"

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"ஒரு மணி நேரம் நின்னேன். ரெண்டு மாசமா சொன்னதெல்லாம் செஞ்சேன், ஒரு பாட்டில் மூடி திறக்க முடியலையே, இனிமே இந்தக் கைக்கு ஒண்ணும் வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். தாகமா இருந்துச்சு. குழாயும் திறக்க வரல."

"பாவி நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் பாட்டிலை மூடினது நான். அந்தப் பயிற்சிப் பொண்ணாலயே திறக்க முடியல, தெரியுமா உங்களுக்கு? ரெண்டு கையும் நல்லா இருக்கற பொண்ணு!"

டைம்கீப்பர் அவளையே பார்த்தார். பிறகு அவர் வாயின் இடது பக்கம் மெல்ல மேலே போனது. வலது பக்கமும் கொஞ்சம் தாமதமாகப் பின்னாலேயே போனது. தோள் குலுங்கிச் சத்தம் வந்தபிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று அவளுக்கு உறைத்தது. கூண்டுக்குள் விழுந்தபின் இந்தப் பத்து மாதத்தில் முதல் சிரிப்பு. "அடிப்பாவி, உன் மூடிக்காகவா நான் என் சைக்கிளைப் பால்காரனுக்குக் குடுத்தேன்!" என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தார். அவளும் சிரித்தாள், அழுதாள், மூக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கூலரைக் கழற்றி, பழைய பசையைத் துணியால் வழித்து, புதிதாக ஒரு பட்டாணி வைத்து மறுபடி இறக்கினாள். ஆணிகளை விரலால் நிறுத்தினாள். ஸ்குரூடிரைவரை எடுத்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் தொட்டா மறுபடி இதேதான் ஆகும். என் கைக்கு நிறுத்தத் தெரியாது. நீங்க முறுக்குங்க."

"எனக்கு வலு ஏது?"

"அதுதாங்க வேணும் இதுக்கு. எந்த இடத்துல உங்க கை போதும்னு சொல்லுதோ, அங்க நிறுத்துங்க."

அவர் வலது கையில் ஸ்குரூடிரைவரின் தடித்த பிடியை வைத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அவள் கூலரை மட்டும் நேராகப் பிடித்துக்கொண்டாள். ஒரு மூலையில் கால் சுற்று. எதிர் மூலையில் கால் சுற்று. கை வழுக்கியது, மறுபடி பிடித்தார். நெற்றியில் வியர்வை வந்தது. உதவி செய்யாமல் நிற்பதற்குள் நட்டக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். நாலாவது மூலையில் கை நின்றது. ஸ்பிரிங் நசுங்காமல் இருந்தது, கூலரை அசைத்துப் பார்த்தாள், ஆடவில்லை. ஸ்கேலை வைத்தாள். வெளிச்சக் கீற்று இல்லை.

"தொடு" என்றார்.

"நீங்களே தொடுங்க."

இரண்டு முள்ளையும் அவர் கைதான் தொட்டது. நடுங்கி, தவறி, மூன்றாம் தரம் தொட்டது. விசிறி சுற்றியது. இருவரும் திரையைப் பார்த்தார்கள். பதினாறு.

அவர் உடனே நோட்டைத் திறந்து இடது கையால் கிறுக்கலாக நேரம் எழுத ஆரம்பித்துவிட்டார். பழக்கம் எங்கே போகும்? திரையில் தெரிந்த சூட்டையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாசித்து எழுதினார். முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. அதற்குமேல் ஏறவில்லை. பிறகு கையை நீட்டினார்.

"பேனாவைக் குடு."

"எந்தப் பேனா?"

"உன் வெள்ளைப் பேனா."

அவள் போட்டிருந்த பழைய கோடுகள் ஆணிகளின்மேல் உடைந்து கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவர் நாலு கோடு போட்டார். ஒன்றுகூட நேர் இல்லை. ஒன்று ஆணியைத் தாண்டி விசிறிவரைக்கும் ஓடியது.

சாயங்காலம் தையல்காரம்மா மகளோடு படியிறங்கி வந்தாள். கையில் பெரிய துணிப்பை. மேசைமேல் எழுத்து ஓடிக்கொண்டிருக்கிற திரையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அண்ணா, மாட்டியே குடுத்துட்டீங்களா? அப்படியே தூக்கிட்டுப் போலாமா?"

நட்டக்கா சமையல்கட்டு வாசலில் நின்றாள். கையில் டீக்கு எடுத்த சர்க்கரை டப்பா. சொன்ன சொல்லை மாற்றுகிற மனிதர் இல்லை அவர்.

டைம்கீப்பர் தொண்டையைக் கனைத்தார். "மன்னிச்சுக்கம்மா. குடுக்கறதாத்தான் இருந்தேன். ஆனா கோடு போட்டுட்டேன்."

"என்ன கோடு?"

"இதோ பாரு, நாலு கோடு. நான் போட்டது. எங்க பணிமனைல கோடு போட்டவன்தான் பொறுப்பு. வேற ஆள் கை வைக்கக் கூடாது." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "நீ வந்து இதுல படி, எழுது, எப்ப வேணா வா. உனக்குன்னு ஒண்ணு கட்டும்போது பட்டியல் நான் போட்டுத் தரேன். கூலர் மட்டும் எங்க வீட்டு அம்மாகிட்ட குடுத்துடாத."

அந்தப் பெண் சிரித்தாள். தையல்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், பத்து மாதமாகச் சரியாகப் பேசாத மனிதர் இவ்வளவு பேசியதே போதும் என்பதுபோல நட்டக்காவின் கையை அழுத்திவிட்டு, காலிப் பையோடு மாடியேறினாள். மகராசி, அவளும் நல்லா இருக்கட்டும்.

நட்டக்கா உள்ளே போய் டீயில் சர்க்கரை போட்டாள். டப்பாவின் மூடியை வைத்துத் திருகப் போனவள், பாதியில் கையை எடுத்தாள். இரண்டு விரலால் லேசாக வைத்துவிட்டுப் பார்த்தாள். என்னவோ போலத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கூடத்தில் விசிறியின் மெல்லிய சத்தம். டைம்கீப்பர் யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த நாலு கோணல் கோட்டையும் பக்கத்தில் உடைந்து கிடந்த அவள் கோடுகளையும் பார்த்தபடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"யார் பெத்த பொண்ணோ, நல்லா இருக்கட்டும்."

நட்டக்கா டீ ஆறுகிறவரை சமையல்கட்டிலேயே நின்றாள்.